எலிசபெத்துக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லையே: கிறிஸ்மஸும் வாக்குத்தத்தமும்

கேள்வி: நவம்பர் 30

கல்யாணமாகி 11 வருடம் ஆகிறது. டிசம்பர் வந்தால் சபையில் லூக்கா முதல் அதிகாரத்தை எடுப்பார்கள். சகரியா, எலிசபெத்து, முதிர்ந்த வயதில் குழந்தை. வாசித்து முடிக்கும்போது நாலு பேர் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். வீட்டில் என் மாமியார் சங்கீதம் 113:9-ஐப் பெரிய எழுத்தில் எழுதி எங்கள் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறார். அன்பாகத்தான் செய்தார், எனக்குத் தெரியும். ஆனால் அந்த வசனம் 'மலடியை' என்றுதான் தொடங்குகிறது. தினமும் கண் விழித்ததும் முதலில் படிப்பது அந்தச் சொல்லைத்தான். தேவன் வாக்கு மாறாதவர் என்பதற்குக் கிறிஸ்மஸே சாட்சி என்கிறார்கள். எலிசபெத்துக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லையே. நான் எதை நம்புவது?

டிசம்பர் 1

சகோதரி, தேவன் வாக்கு மாறாதவர்தான். ஆபிரகாம் 75 வயதில் அழைக்கப்பட்டான், 100 வயதில் ஈசாக்கு பிறந்தான். நடுவே 25 வருடம். பழைய ஏற்பாட்டின் கடைசித் தீர்க்கதரிசி மல்கியாவுக்குப் பிறகு 400 வருடம் தேவன் மௌனமாக இருந்தார், அப்புறம் பெத்லகேமில் பேசினார். ஆபகூக் 2:3 எடுத்துப் படியுங்கள். தாமதித்தாலும் காத்திருங்கள்.

டிசம்பர் 2, அதிகாலை

நேற்று எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். வசனங்களில் தப்பில்லை. ஆனால் 11 வருடமாகக் காத்திருக்கிற ஒருவரிடம் போய் 'காத்திருங்கள்' என்று சொல்லியிருக்கிறேன். பசியோடு இருப்பவரிடம் 'பசியாயிருங்கள்' என்று சொன்ன மாதிரி. என்னிடம் இதையே ஒருவர் சொன்னபோது எனக்கு எப்படி இருந்தது என்று நினைவிருக்கிறது. இருந்தும் எழுதிவிட்டேன்.

'நாலு பேர் திரும்பி என்னைப் பார்ப்பார்கள்' என்ற வரி இரவெல்லாம் தூங்கவிடவில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இப்போது எழுத வரவில்லை.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்களுக்குக் குழந்தை பிறக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். பிறக்காது என்றும் சொல்ல மாட்டேன். தேவன் உங்களிடம் சொல்லாத ஒன்றை அவர் பெயரால் உங்களுக்குச் சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது.

டிசம்பர் 2, இரவு

லூக்கா முதல் அதிகாரத்தை இன்று மறுபடி மெதுவாகப் படித்தேன். இத்தனை வருடம் கண்ணில் படாத ஒன்று பட்டது.

எலிசபெத்துக்கு ஒரு வாக்குத்தத்தமும் இருக்கவில்லை.

தூதன் வந்தது கடைசியில். அதுவும் சகரியாவிடம்தான் வந்தான். அதற்கு முந்திய இருபது முப்பது வருடங்களில் அவள் கையில் பற்றிக்கொள்ள ஒரு வசனமும் இல்லை, கனவும் இல்லை, தீர்க்கதரிசனமும் இல்லை. அந்த வருடங்களைப் பற்றி லூக்கா எழுதுவது ஒரே ஒரு காரியம்: கணவன் மனைவி இருவரும் தேவனுக்கு முன்பாக நீதியுள்ளவர்கள், குற்றமற்றவர்கள் (1:6). அடுத்த வசனத்தில்தான் பிள்ளையில்லை என்கிறார். வரிசையைக் கவனியுங்கள். பிள்ளையில்லாததற்கு ஊர் என்ன காரணம் சொல்லியிருக்கும் என்பது லூக்காவுக்குத் தெரியும். அதனால் முதலில் அந்தக் கதவை அடைத்துவிட்டு, பிறகுதான் விஷயத்துக்கு வருகிறார்.

டிசம்பர் தோறும் அந்தப் பகுதியை வாசிக்கிறவர்கள் 1:6-ஐக் கொஞ்சம் சத்தமாக வாசித்தால் நன்றாக இருக்கும்.

டிசம்பர் 4

விசுவாசக் குறைவுதான் காரணம், இன்னும் உறுதியாகப் பற்றிக்கொள்ள வேண்டும் என்று ஒரு சகோதரர் இங்கே பதில் போட்டிருக்கிறார். நல்ல மனதோடுதான் எழுதியிருப்பார். ஆனாலும் இதை நான் விடப்போவதில்லை, ஏனென்றால் இந்த ஒரு பேச்சால் நொறுங்கிப்போன இரண்டு மூன்று பேரை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

சகரியா நம்பவில்லை. 'இதை நான் எதினால் அறிவேன்' என்று தூதனிடமே கேட்டான். நாவு கட்டப்பட்டது. ஆனால் யோவான் பிறக்காமல் போனானா? பிறந்தான். நம்பாததற்காகச் சகரியா பேச்சை இழந்தான், பிள்ளையை இழக்கவில்லை.

அதைவிடப் பெரிய சாட்சி யூதாவின் ராஜா ஆகாஸ். கி.மு. 735 வாக்கில் நடந்தது. சீரியாவும் வட இஸ்ரவேலும் சேர்ந்துகொண்டு எருசலேமின்மேல் படையெடுத்து வருகிறார்கள். ராஜாவின் இருதயம் காற்றில் அசைகிற காட்டு மரங்களைப் போல அசைந்தது என்று ஏசாயா எழுதுகிறார். தேவன் அவனிடம், ஓர் அடையாளத்தைக் கேள், ஆழத்திலிருந்தானாலும் சரி, உயரத்திலிருந்தானாலும் சரி என்கிறார். 'நான் கேட்கமாட்டேன், கர்த்தரைப் பரீட்சை செய்யமாட்டேன்' என்கிறான் ஆகாஸ். கேட்பதற்குப் பக்தியாக இருக்கிறது. உண்மையில் அவன் நம்பியது அசீரியாவை. தேவாலயத்து வெள்ளியையும் பொன்னையும் எடுத்து அசீரிய ராஜாவுக்கு அனுப்பி உதவி வாங்கினான் என்று 2 இராஜாக்கள் 16 சொல்கிறது. அந்த மனிதனுக்கு முன்னால்தான் 'இதோ, ஒரு கன்னிகை கர்ப்பவதியாகி' என்ற வார்த்தை சொல்லப்பட்டது. இம்மானுவேல் என்ற பெயர் முதன்முதலில் விழுந்தது நம்ப மறுத்தவனின் காதில்.

அப்படியானால் நம்பாமலே இருந்துவிடலாமா என்று கேட்பீர்கள். அதே அதிகாரத்தில் பதில் இருக்கிறது: 'நீங்கள் விசுவாசியாவிட்டால் நிலைபெறமாட்டீர்கள்' (ஏசாயா 7:9). நிலைபெறாமல் போகிறது நாம். வாக்கு நிலைத்துத்தான் நிற்கிறது. விசுவாசம் நம்மைத் தாங்குவதற்கு வேண்டும், தேவனுடைய வாக்கைத் தாங்குவதற்கு அல்ல.

டிசம்பர் 5

முதல் நாள் '400 வருடம் மௌனம்' என்று எழுதியிருந்தேன். கத்தோலிக்க நண்பர் ஒருவர் திருத்தியிருக்கிறார், அவர் சொல்வது சரி. அவர்கள் வேதாகமத்தில் மக்கபேயர் ஆகமங்கள் இருக்கின்றன, அவை அந்தக் காலத்தைத்தான் பேசுகின்றன. கி.மு. 164-இல் தீட்டுப்பட்ட தேவாலயத்தைச் சுத்திகரித்து மறுபடி பிரதிஷ்டை செய்தார்கள். அந்தப் பண்டிகைக்கு இயேசுவே போயிருக்கிறார், யோவான் 10:22-இல் இருக்கிறது, மாரிகாலம் என்றுகூடக் குறித்திருக்கிறது. ஆக, தீர்க்கதரிசி இல்லாத காலம் என்று சொல்லலாம். தேவன் ஒன்றும் செய்யாமல் இருந்த காலம் என்று சொல்லக்கூடாது.

டிசம்பர் 7

என் தம்பி மகனுக்கு 9 வயது. சபையில் கிறிஸ்மஸ் நாடகம் போடுகிறார்கள், இவனும் இருக்கிறான். அதற்காக லூக்காவைச் சேர்ந்து படித்துக்கொண்டிருக்கிறோம். இன்று கேட்டான்: "அத்தை, சகரியாவுக்குப் பேச்சுதானே வராது? காது கேக்கும்ல? அப்புறம் ஏன் என்ன பேரு வைக்கலாம்னு சைகையில கேக்கிறாங்க?"

1:62. உண்மைதான், சைகையால்தான் கேட்டார்கள். நான் நாற்பது வருடமாகப் படிக்கிறேன், எனக்குத் தோன்றியதில்லை. தேடிப் பார்த்தேன். 1:22-இல் ஊமை என்று நாம் படிக்கிற இடத்தில் உள்ள கிரேக்கச் சொல்லுக்குச் செவிடு என்ற பொருளும் உண்டு. 7:22-இல் 'செவிடர் கேட்கிறார்கள்' என்று வருவதும் அதே சொல்தான். ஆக, மனிதர் பேசவும் முடியாமல் கேட்கவும் முடியாமல் இருந்திருக்கிறார்.

இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் யோசித்தான். "ஒன்பது மாசம் கழிச்சு வாய் திறந்ததும் பாட்டா பாடினாரு? நானா இருந்தா முதல்ல பசிக்குதுன்னு சொல்லியிருப்பேன்." நாங்கள் மூன்று பேரும் சிரித்து முடிக்க நேரம் பிடித்தது.

டிசம்பர் 9

எரேமியா 29:11 பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 'சமாதானத்துக்கேதுவான நினைவுகளே' என்ற வசனம். அதை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வசனம் முன்னால் போய்ப் படியுங்கள். 29:10: பாபிலோனில் 70 வருடம் முடிந்த பிறகு.

அது ஒரு கடிதம். எருசலேமிலிருந்து எரேமியா சிறைப்பட்டுப் போனவர்களுக்கு அனுப்பியது. அன்றைக்கு அந்தக் கடிதத்தைச் சத்தமாக வாசிக்கக் கேட்டவர்களில் நாற்பது வயதுக்காரர் ஒருவரும் ஊர் திரும்பியிருக்க முடியாது. அவர்களுக்குச் சொல்லப்பட்டது என்ன? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், கல்யாணம் செய்யுங்கள், அந்த ஊரின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள். வாக்கு உண்மை. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் பேரப்பிள்ளைகள். நான் இந்த வசனத்தை எத்தனை பேருக்கு, இந்த வருடமே நடக்கும் என்பது போல, எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

தேவாலயத்தில் குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய கிழவர் சிமியோனைப் பற்றியும் எழுத வேண்டும். நாடகத்தில் பையனுக்கு அந்த வேடம்தான். இன்னொரு நாள்.

டிசம்பர் 11, இரவு

இன்றோடு தம்பி போய் மூன்று வருடம்.

வயிற்றில் புற்று. 14 மாதம் படுத்திருந்தான். சங்கீதம் 118:17, 'நான் சாவாமல், பிழைத்திருந்து, கர்த்தருடைய செய்கைகளை விவரிப்பேன்.' வெள்ளைத்தாளில் கறுப்பு மார்க்கரால் எழுதி, அவன் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் நான்தான் ஒட்டினேன். தேவன் எனக்கு இந்த வசனத்தைக் கொடுத்தார் என்று எல்லோரிடமும் சொன்னேன். தினமும் சாயங்காலம் சத்தமாக வாசிப்போம். அவனும் ஆமென் சொல்வான்.

நவம்பரில் உடம்பு முழுவதும் இறங்கிப்போனது. ஒரு மத்தியானம், பார்க்க வந்தவர்கள் போன பிறகு, என்னிடம் சொன்னான்: "அக்கா, அந்தப் பேப்பரை எடுத்துடு. வர்றவங்க முதல்ல அதைப் பார்க்கிறாங்க, அப்புறம் என்னைப் பார்க்கிறாங்க."

நான் எடுக்கவில்லை. அவிசுவாசமாகப் பேசாதே என்று சொன்னேன். கோபமாகவே சொன்னேன். அவன் அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

இரண்டு மூன்று நாள் கழித்து வேதத்தை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். "இன்னைக்குப் படிக்க வேண்டாம்க்கா. சும்மா பக்கத்துல இரு" என்றான். என் கையை எடுத்துத் தன் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனான். கை மரத்துப்போகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அவன் போய் இரண்டு வாரத்தில் கிறிஸ்மஸ் வந்தது. 'நமக்கு ஒரு பாலகன் பிறந்தார்' என்று எல்லோரும் எழுந்து நின்றபோது நான் உட்கார்ந்தே இருந்தேன். வாய் திறக்கவில்லை.

சகோதரி, உங்களைத் திரும்பிப் பார்க்கிற அந்த நாலு பேரைப் பற்றி எனக்கு ஏன் தூக்கம் வரவில்லை என்று இப்போது புரிந்திருக்கும். நான் அந்த நாலு பேரில் ஒருத்தி.

டிசம்பர் 12

118-ஆம் சங்கீதம், ஆபத்திலிருந்து காப்பாற்றப்பட்ட ஒருவர் நன்றி சொல்லிப் பாடுகிற பாட்டு. தம்பிக்கு அதை வாக்குத்தத்தமாகக் கொடுத்தது யார்? தேவன் என்று சொன்னேன். கொடுத்தது நான். என் பயத்துக்கு மருந்தாக நானே எடுத்து ஒட்டியது.

டிசம்பர் 12, இரவு

காலையில் எழுதியது பாதிதான் சரி. அவன் பத்துப் பன்னிரண்டு மாதம் அந்த வசனத்தில் உண்மையாகவே சந்தோஷப்பட்டான். அதைப் பொய் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. வசனத்தில் குற்றமில்லை. எடுத்துவிடு என்று அவன் சொன்ன அன்று நான் எடுத்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருக்கிறது, அதை எழுதத்தான் மறுபடி உட்கார்ந்தேன். சங்கீதம் 113 முதல் 118 வரை ஒரே கட்டு. யூதர்கள் பஸ்கா இரவில் பாடுகிற துதிப்பாடல்கள் அவை. உங்கள் அறைச் சுவரில் இருப்பது அந்தக் கட்டின் முதல் பாட்டு. எங்கள் சுவரில் இருந்தது கடைசிப் பாட்டு. கடைசி இராப்போஜனம் முடிந்து, ஸ்தோத்திரப்பாட்டைப் பாடிவிட்டு ஒலிவமலைக்குப் போனார்கள் என்று மத்தேயு 26:30 சொல்கிறது. அந்தப் பாட்டு இந்த வரிசையின் பின்பகுதிதான் என்று வேத அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள்.

அப்படியானால், 'நான் சாவாமல் பிழைத்திருந்து' என்று இயேசுவும் பாடியிருக்கிறார். பாடிவிட்டுப் போய் மறுநாள் செத்தார். மூன்றாம் நாள் அந்த வரி வேறு விதத்தில் உண்மையாயிற்று.

தம்பிக்கும் அந்த விதத்தில்தான் உண்மையாகும் என்று நம்புகிறேன். மூன்று வருடம் ஆயிற்று இதை எழுத.

டிசம்பர் 14

கனமாகப் போய்விட்டது. கொஞ்சம் சொல் விளையாட்டு.

'வாக்குத்தத்தம்' என்கிறோமே, அதில் தத்தம் என்றால் கொடை, கொடுத்தது. தத்துப்பிள்ளை என்பதில் இருக்கிற தத்தும் அதன் உறவுதான், கொடுக்கப்பட்ட பிள்ளை. ஆக வாக்குத்தத்தம் என்றால் சொல்லாகக் கொடுக்கப்பட்டது. 'வார்த்தை மாம்சமாகி' என்பதைத் தமிழில் படிக்கிறவர்களுக்கு இந்தச் சொல்லே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது.

யோசேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மத்தேயு வம்சவரலாற்றை ஆபிரகாமிலிருந்து தாவீது வழியாக யோசேப்பு வரைக்கும் கொண்டுவருகிறார். ஆனால் குழந்தை யோசேப்புக்குப் பிறக்கவில்லை. அவர் பெயரிட்டு ஏற்றுக்கொண்டதால்தான் இயேசு தாவீதின் வீட்டுப்பிள்ளையாகிறார். தாவீதுக்குக் கொடுத்த வாக்கு, தத்து வழியாக நிறைவேறியிருக்கிறது. தாவீதின் குமாரன் இந்த வழியில் வருவார் என்று யார் நினைத்திருப்பார்கள்?

(சகோதரி, இதை வைத்து உங்களைத் தத்தெடுக்கச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அது நீங்களும் உங்கள் கணவரும் பேச வேண்டியது. நான் யோசேப்பைப் பற்றி மட்டும்தான் எழுதினேன்.)

டிசம்பர் 16

ஜெர்மானியப் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1943 ஏப்ரலில் கைதாகி பெர்லினில் தேகெல் சிறையில் இருந்தார். அந்த நவம்பரில் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், சிறை அறை கிறிஸ்துவின் வருகைக்காகக் காத்திருக்கும் காலத்தைப் போன்றது என்கிறார். உள்ளே இருப்பவர் காத்திருக்கிறார், நம்புகிறார், இதையும் அதையும் செய்கிறார், அதனாலெல்லாம் ஒன்றும் ஆவதில்லை. கதவு பூட்டியிருக்கிறது, அதை வெளியிலிருந்துதான் திறக்க முடியும்.

இதில் எனக்குப் பிடித்தது அந்த 'இதையும் அதையும்'. காத்திருப்பது என்றால் முழங்காலிலேயே இருப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். துணி மடிக்கலாம், பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கலாம். கதவின் பூட்டு நம் பக்கத்தில் இல்லை.

1945 ஏப்ரல் 9 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள். அவருக்காகக் காத்திருந்த பெற்றோரும் நிச்சயிக்கப்பட்ட பெண்ணும் எதிர்பார்த்தபடி கதவு திறக்கவில்லை. இதைச் சொல்லாமல் கடிதத்தை மட்டும் சொன்னால் நியாயமாகாது.

டிசம்பர் 17

டிசம்பர் 25 சரியான தேதியே இல்லையே என்று கேட்டவருக்கு: வேதத்தில் தேதி இல்லை. கி.பி. 354-இல் தொகுக்கப்பட்ட ரோமானிய நாட்காட்டியில் டிசம்பர் 25 இருக்கிறது. ஆர்மீனியத் திருச்சபை ஜனவரி 6-இல் கொண்டாடுகிறது. தேதி மாறினாலும் பிறந்தவர் மாறவில்லை. இதை இங்கே வளர்க்க வேண்டாம்.

டிசம்பர் 19

ஒரு திருத்தம். 'கிழவர் சிமியோன்' என்று எழுதியிருந்தேன். பையன் ஒட்டுத்தாடி வேண்டாம் என்று அடம்பிடித்தான், ஏன் என்றால், "வயசானவர்னு எங்க இருக்கு, காட்டுங்க அத்தை." லூக்கா 2:25 முதல் 35 வரை மூன்று தடவை படித்தேன். இல்லை. கிறிஸ்துவைக் காணுமுன் மரணமடைய மாட்டார் என்று இருக்கிறது, சமாதானத்தோடே போகவிடுகிறீர் என்று அவர் சொல்வது இருக்கிறது. வயது இல்லை. அடுத்து வருகிற தீர்க்கதரிசி அன்னாளுக்குத்தான் வயதைச் சொல்லியிருக்கிறது, ஏறக்குறைய 84. கணவனோடு வாழ்ந்தது 7 வருடம் மட்டும். ஆக, தாடி போயிற்று.

ஒத்திகையில் போய் உட்கார்ந்திருந்தேன். மரியாளாக நடிக்கிற பெண் பொம்மையை இவன் கையில் கொடுத்தாள். மற்றப் பிள்ளைகள் பொம்மையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். இவன் ஒரு கையைத் தலைக்கு அடியில் விரித்துக் கொடுத்து, இன்னொரு கையை முதுகுக்குக் கொடுத்து வாங்கினான். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையைத் தூக்கிப் பழக்கம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிமியோன் ஏந்திய குழந்தைக்கு என்ன வயது? லேவியராகமம் 12 படி, ஆண்பிள்ளை பெற்றவளுக்குச் சுத்திகரிப்பு 7 நாளும் 33 நாளும், மொத்தம் 40. அதற்கான பலியைச் செலுத்தத்தான் வந்திருந்தார்கள். ஆட்டுக்குட்டிக்கு வசதி இல்லாதவர்கள் கொண்டுவருகிற ஜோடிப் பறவைகளைத்தான் லூக்கா சொல்கிறார். 40 நாள் பிள்ளைக்குக் கழுத்து நிற்காது. தலைக்குக் கை கொடுக்காமல் தூக்கவே முடியாது.

வெளியே ரோமர்களின் ஆட்சி. அரண்மனையில் ஏரோது. அன்று காலை எப்படி இருந்ததோ அப்படியேதான் எல்லாம். அதற்கு நடுவே கழுத்து நிற்காத ஒரு பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு, 'உம்முடைய இரட்சணியத்தை என் கண்கள் கண்டது' என்கிறார். காண்பேன் என்று சொல்லவில்லை, கண்டது என்கிறார். பிரசங்கம் கேட்கவில்லை, அற்புதம் பார்க்கவில்லை, சிலுவையையும் கல்லறையையும் பார்க்கவில்லை. இது போதும், போகலாம் என்கிறார்.

நீங்கள் கேட்டது 'நான் எதை நம்புவது' என்று. என்னால் சொல்ல முடிந்தது இதுதான். காரியம் கைகூடும் என்பதை நம்ப நம்மிடம் உத்தரவாதம் இல்லை. வந்தவரை நம்பலாம். தேவனுடைய வாக்குத்தத்தங்களெல்லாம் அவருக்குள் ஆம் என்றும் ஆமென் என்றும் இருக்கிறது என்று பவுல் எழுதியது (2 கொரிந்தியர் 1:20) நாம் கேட்டதற்கெல்லாம் ஆம் என்பதல்ல. எல்லா வாக்கும் ஓர் ஆளிடத்தில் போய்ச் சேருகிறது, அந்த ஆள் வந்துவிட்டார்.

'சும்மா பக்கத்துல இரு' என்று தம்பி கேட்டதும் அதைத்தானோ என்று இன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

டிசம்பர் 22

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, 'ஆறுதலாக இருக்கிறது, ஆனால் வலி போகவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். போக வேண்டும் என்று யாரும் உங்களை அவசரப்படுத்தக்கூடாது.

மத்தேயு இரண்டாம் அதிகாரமும் கிறிஸ்மஸ்தான். பெத்லகேமில் ஏரோது பிள்ளைகளைக் கொன்றபோது, ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுது 'ஆறுதலடையாதிருக்கிறாள்' என்ற எரேமியாவின் வார்த்தையை மத்தேயு எடுத்து எழுதுகிறார். அங்கேயே நிறுத்துகிறார். எரேமியா 31-இல் அதற்கு அடுத்த வசனம் நல்ல வசனம், அழாதே, பிள்ளைகள் திரும்பி வருவார்கள் என்று இருக்கிறது. மத்தேயுவுக்கு அது தெரியாமலா இருக்கும்? ஆனாலும் அந்தத் தாய்மாரின் முகத்துக்கு நேரே அதை நீட்டவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டார்.

டிசம்பர் 24

இன்று இரவு ஆராதனைக்குப் போகப்போவதில்லை என்று சொல்லியிருக்கிறீர்கள். சரி. வீட்டில் இருங்கள். மேய்ப்பர்களும் வயல்வெளியில்தான் இருந்தார்கள், செய்தி அங்கேதான் போயிற்று.

டிசம்பர் 26

நாடகம் நடந்தது. பையன் வசனத்தை மறந்துவிட்டான். பொம்மையை வாங்கிக்கொண்டு, தலைக்குக் கை கொடுத்து, குனிந்து பார்த்தபடியே நின்றான். பின்னாலிருந்து ஆசிரியை மெதுவாக எடுத்துக்கொடுக்கிறார், இவனுக்குக் கேட்கவில்லை. நீண்ட நேரம் மாதிரி இருந்தது. அப்புறம் நிமிர்ந்து, "கண்டது" என்று மட்டும் சொன்னான். அந்த ஒரு சொல்தான். அதற்குமேல் பொம்மையைத் திருப்பிக் கொடுக்காமல் நின்றுவிட்டான். மரியாள் இரண்டு தடவை "குடுடா" என்று கேட்டு, மூன்றாம் தடவை இழுத்து வாங்கினாள்.

என் தம்பி மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். இந்த மாதம் முழுவதும் அவள் சிரித்து நான் பார்த்தது இது இரண்டாம் முறை. முதலாவது, அந்தப் 'பசிக்குது'.

பாட்டு வந்தபோது நான் எழுந்து நின்றேன். இரண்டாவது வரியிலிருந்து பாடினேன்.

டிசம்பர் 28

'அந்தக் காகிதத்தை எடுத்துவிடட்டுமா' என்று கேட்டிருக்கிறீர்கள்.

எடுங்கள். இன்றைக்கே எடுங்கள். ஆனால் உங்கள் மாமியார் இல்லாத நேரமாகப் பார்த்து எடுக்க வேண்டாம். நீங்கள் இங்கே எழுதிய அந்த முதல் வரிகளை அவரிடமும் சொல்லுங்கள், காலையில் கண் விழித்ததும் எந்தச் சொல் முதலில் தெரிகிறது என்று. அவருக்கு அது தோன்றியே இருக்காது. எனக்குத் தோன்றவில்லையே. முடிந்தால் அவர் கையாலேயே எடுக்கச் சொல்லுங்கள். அவர் வருத்தப்பட்டால் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காருங்கள், அவரும் 11 வருடமாகக் காத்திருக்கிறவர்தான்.

டேப்பை மேலேயிருந்து மெதுவாக உரியுங்கள். எங்கள் வீட்டில் அவசரமாக இழுத்ததில் நாலு மூலையிலும் பெயின்ட் கையோடு வந்துவிட்டது, இன்னும் அப்படியே இருக்கிறது.